புது ஓ.எஸ். போடும்போது கீபோர்டு நின்னு போச்சா? கொஞ்சம் பொறுங்க!



நாம உட்கார்ந்திருக்கிற இடத்துல இருந்து தலையைத் தூக்கினா கோட்டை தெரியுது. திருச்சி, சென்னை நெடுஞ்சாலையில் போகிற எத்தனையோ பேர் தூரத்தில் பார்த்துவிட்டுக் கடந்து போகிற ரஞ்சன்குடி கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபுகள் காலத்தில் எழுந்தது. 1751-ல் ஒரு பக்கம் ஆங்கிலேயர், மறு பக்கம் பிரெஞ்சுக்காரர் துணை நின்ற வாலிகண்டபுரம் சண்டையைப் பார்த்தது. கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்தவன் ஏன் கோட்டையைச் சொல்றான்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு, கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

நான் பெரம்பலூர் பக்கத்தில் பல வருஷமா கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். சமீப காலமா என்கிட்ட அடிக்கடி வருகிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, போன்ல வீடியோ பார்த்து நானே விண்டோஸ் போட ஆரம்பிச்சேன். பாதியில கீபோர்டு வேலை செய்யல. ஒரு பட்டனும் எடுக்க மாட்டேங்குது. என்ன பண்றது?"

இந்தக் கேள்வி இப்போ அதிகமாவதற்குக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் வீட்டில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் சிலர் விண்டோஸ் 11 போடப் பார்க்கிறார்கள். அதற்குத் தகுதி இல்லாத மெஷினில் சிலர் உபுண்டு மாதிரி லினக்ஸ் போடுகிறார்கள். 2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த லேப்டாப்பைத் தம்பி தங்கச்சிக்காகத் தூசி தட்டி எடுக்கிற வீடுகளும் உண்டு. நல்ல விஷயம்தான். தூக்கிப் போட வேண்டிய பொருள் இல்லை அது.

ஆனா கீபோர்டு நின்னு போன அந்த நேரத்தில் பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். அதை நான் என் தப்பில் இருந்துதான் கத்துக்கிட்டேன். முதலில் அதைச் சொல்லிடறேன்.

நான் செய்த தப்பு

எங்க தெருவில் ஒரு பெரியம்மா. அவங்க வீட்டு டெஸ்க்டாப் ரொம்ப மெதுவா ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. உள்ளே 250 ஜி.பி. பழைய ஹார்டு டிஸ்க். வேற ஒரு கம்ப்யூட்டரில் இருந்து கழட்டி வைத்திருந்த 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒண்ணு என்கிட்ட இருந்தது. அதை மாட்டி, அதில் புது விண்டோஸ் போட்டுக் கொடுக்கலாம், பழைய டிஸ்க்கை அப்படியே விட்டுடலாம்னு திட்டம்.

பென்டிரைவைச் சொருகி ஆரம்பித்தேன். முதல் திரை வந்தது. கீபோர்டு வேலை செய்யவில்லை. மவுஸ் மட்டும் நகர்ந்தது. வெளியே மழை வரும்போல இருந்தது, எனக்கு அவசரம். "மவுஸ் இருக்கே, அதை வைத்தே முடிச்சிடலாம்"னு போனேன்.

எந்த டிஸ்க்கில் போடணும்னு கேட்கிற திரை வந்தது. ஒன்றில் 223.6, இன்னொன்றில் 232.9 என்று எழுதியிருந்தது. 240 ஜி.பி., 250 ஜி.பி. என்று கடையில் விற்கிற டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் வேற கணக்கில் அப்படித்தான் காட்டும். இரண்டிலும் பழைய பிரிவுகள் இருந்தன. எது எது என்று உடனே புரியவில்லை. கீபோர்டு இருந்திருந்தால் ஷிப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அமுக்கி, கறுப்புத் திரையைத் திறந்து, எந்த டிஸ்க்கில் என்ன ஃபைல் இருக்கிறது என்று பார்த்திருப்பேன். இல்லாததால் உத்தேசமா ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.

அது பழைய டிஸ்க். அதில் இருந்தது மறைந்துபோன பெரியப்பாவின் படங்கள். மகள் கல்யாணத்தில் எடுத்தது, வயலில் வெங்காயம் பிடுங்கும்போது எடுத்தது எல்லாம். மீட்கிற மென்பொருள் போட்டு இரண்டு நாள் முயற்சி பண்ணினேன். பாதிப் படம்கூடத் திரும்ப வரவில்லை. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. "போகட்டும் தம்பி, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

அடுத்த நாள்தான் கீபோர்டைச் சரியா பார்த்தேன். பென்டிரைவும் கீபோர்டும் ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் மாட்டியிருந்தன. கீபோர்டைக் கழட்டி கேபினட்டின் பின்பக்கத்தில் நேரா சொருகினேன். வேலை செய்தது. இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை நான் செலவு பண்ணவில்லை.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். கீபோர்டு நின்றால் இன்ஸ்டாலையும் நிறுத்துங்க. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மேலே போங்க.

எப்போது நிறுத்தலாம்?

"பாதியில் நிறுத்தினா கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். இப்படி நினைவில் வையுங்க. மொழி கேட்கிற திரை, கீபோர்டு வகை கேட்கிற திரை, நிபந்தனைகளை ஒத்துக்கொள்ளச் சொல்கிற திரை, இவை வரைக்கும் டிஸ்க்கில் இருக்கிற உங்கள் ஃபைல் எதையும் அது தொடாது. அங்கே பவர் பட்டனை நீளமா அமுக்கி அணைத்தால் ஒன்றும் ஆகாது.

எந்த டிஸ்க் என்று கேட்கிற திரைதான் எல்லைக்கோடு. அங்கே அழி என்று சொன்னால் அப்போதே அழியும், மறுபடி கேட்டு வாங்க முடியாது. அதைத் தாண்டி ஃபைல் எழுத ஆரம்பித்து, சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், அப்போது அணைக்கக் கூடாது. அந்த நேரத்தில் கீபோர்டு தேவையும் இல்லை. விட்டுவிடுங்க, அது முடியட்டும்.

கீபோர்டு ஏன் நிற்கிறது?

இப்போ கோட்டைக்கு வருவோம். ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சுற்றிலும் அகழி. உள்ளே அடுக்கடுக்கா மூன்று மதில். ஒவ்வொரு மதில் வாசலிலும் ஒரு காவல்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசல்காரருக்கு உங்களைத் தெரியும், விடுகிறார். இரண்டாம் வாசலில் நிற்பவர் வெளியூர்க்காரர். அவருக்கு உங்கள் முகம் தெரியாது. அதே ஆள்தான் நீங்கள், ஆனால் அங்கே உள்ளே போக முடியாது.

கீபோர்டுக்கும் இதே கதைதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுந்திருப்பது மதர்போர்டிலேயே இருக்கிற பயாஸ். அது முதல் வாசல். அதன் பிறகு பென்டிரைவில் இருந்து ஏறுகிற இன்ஸ்டாலர், இரண்டாம் வாசல். எல்லாம் முடிந்து டிஸ்க்கில் இருந்து ஓடுகிற விண்டோஸோ லினக்ஸோ மூன்றாம் வாசல். மூன்றும் கீபோர்டைத் தனித்தனியா அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அந்த அடையாளத்துக்குப் பெயர்தான் டிரைவர். ஒரு வாசலில் அது இல்லாவிட்டால், நல்ல கீபோர்டும் செத்த மாதிரி கிடக்கும்.

அதனால் "கீபோர்டு போச்சு" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் "எந்த வாசலில் நின்னுச்சு?" என்று கேளுங்க. பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கு உலகம் முழுக்க நடந்த ஓர் உதாரணம் சொல்றேன். விண்டோஸ் 7 வந்தது 2009-ல். அதன் இன்ஸ்டாலரில் யு.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் கிடையாது. அப்போது அது பிரச்சினையா இல்லை. 2015-ல் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை சிப்கள் வந்தன. அந்த மதர்போர்டுகளில் யு.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றையும் புது முறைதான் கட்டுப்படுத்தியது. விண்டோஸ் 7 போடப் போனவர்களுக்கு பயாஸில் கீபோர்டு ஓடும், இன்ஸ்டாலர் திரை வந்ததும் கீபோர்டு, மவுஸ் இரண்டும் நின்றுவிடும். அந்த டிரைவரைப் பென்டிரைவுக்குள்ளேயே சேர்க்க இன்டெல் தனியா ஒரு கருவி வெளியிட வேண்டி வந்தது.

அந்தச் சமயத்தில் என்கிட்ட ஓர் உரக்கடைக்காரர் வந்தார். பழைய பில்லிங் மென்பொருளுக்காகப் புது மெஷினில் விண்டோஸ் 7-தான் வேணும் என்றார். நான் மூன்று கீபோர்டு மாற்றிப் பார்த்தேன். அவருக்குப் புதுசா ஒண்ணு விற்கவும் செய்தேன். கடைசியில் தீர்த்து வைத்தது, மூலையில் கிடந்த பழைய வட்ட முனை கீபோர்டு. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.எஸ்.2 வகை. மதர்போர்டின் பின்பக்கம் ஊதா நிறத்தில் இருக்கிற வட்டத் துளை அதற்கானது. அதற்கு யு.எஸ்.பி. டிரைவரே தேவையில்லை. விற்ற கீபோர்டுக்கான காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அது பழைய கதை, இப்போ எல்லாம் மாறிடுச்சு" என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகும் இதே மாதிரி ஒன்று நடந்தது. விண்டோஸுக்குள் கீபோர்டு ஒழுங்காக ஓடியது. ஆனால் பழுது பார்க்கவும் ரீசெட் செய்யவும் போகிற மீட்புத் திரைக்குப் போனால் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் நின்றன. மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு அக்டோபர் 20-ஆம் தேதி அவசர அப்டேட் ஒன்றை வெளியிட்டது. அந்த வாரத்தில் எத்தனை பேர் நல்ல கீபோர்டைக் குறை சொல்லியிருப்பார்கள்! அதனால் ரீசெட் செய்வதற்கு முன்னால் நிலுவையில் இருக்கிற அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

கையில் இருக்கிற போனை வைத்தே சோதிக்கலாம்

இங்கே எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதுவே நல்ல சோதனைக் கருவி. வரிசையா சொல்றேன்.

ஒன்று, விளக்கைப் பாருங்கள். கேப்ஸ் லாக் பட்டனை அமுக்குங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அந்த விளக்கை எரிய வைப்பது கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர். எனவே விளக்கு மாறினால் கம்ப்யூட்டர் உங்கள் கீபோர்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. திரை மட்டும்தான் தாமதம். ஐந்து பத்து நிமிஷம் பொறுத்துப் பாருங்க. வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் இந்த விளக்கு இருக்காது, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இரண்டு, கீபோர்டைப் போனில் மாட்டுங்கள். ஓ.டி.ஜி. என்று கேட்டால் செல்போன் கடையில் சின்ன அடாப்டர் தருவார்கள். ஒரு பக்கம் போன், மறு பக்கம் யு.எஸ்.பி. கீபோர்டு. வாட்ஸ்அப்பைத் திறந்து தட்டிப் பாருங்க. எழுத்து விழுந்தால் கீபோர்டு நல்லாத்தான் இருக்கிறது, புதுசு வாங்கப் போக வேண்டாம். விழாவிட்டால், ஓ.டி.ஜி.யை ஏற்கும் இன்னொரு போனிலும் பார்த்துவிட்டு, கீபோர்டை மாற்றுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓ.டி.ஜி. என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்று, பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட், எஃப்2, எஃப்10, எஸ்கேப், இதில் ஏதாவது ஒரு பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும். கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் என்பதால் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் படியுங்க. பயாஸுக்குள் அம்புக்குறி பட்டன்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு வேடிக்கையான செய்தி வரும். கீபோர்டு இல்லை, தொடர எஃப்1-ஐ அமுக்கு என்று. இல்லாத கீபோர்டில் எப்படி அமுக்குவது? சிரிப்பு வந்தாலும் அது உபயோகமான செய்திதான். முதல் வாசலிலேயே கீபோர்டு தெரியவில்லை என்று சொல்கிறது.

பயாஸிலேயே ஓடவில்லை என்றால்

போனில் எழுதிய கீபோர்டு பயாஸில் ஓடவில்லை என்றால், துளையை மாற்றுங்க. ஹப்பைக் கழட்டுங்க. கேபினட்டின் முன்பக்கத்தில் மாட்டியிருந்தால் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கிற துளையில் மாட்டுங்க. நீல நாக்கு இருக்கிற துளை யு.எஸ்.பி. 3, கறுப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் யு.எஸ்.பி. 2. கீபோர்டைக் கறுப்பில் போடுங்க, பென்டிரைவ் நீலத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்க.

அதற்கும் மசியவில்லை என்றால் மெஷினை அணைத்து, மின் இணைப்பைக் கழட்டி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடியுங்க. உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு மாட்டி ஆன் செய்யுங்க.

ப்ளூடூத் கீபோர்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ளூடூத் கீபோர்டு ஒவ்வொரு ஓ.எஸ்.ஸோடும் தனியா இணைய வேண்டியது. பயாஸிலும் இன்ஸ்டாலரிலும் அதை நம்பாதீங்க. பக்கத்து வீட்டில் வயர் கீபோர்டு ஒன்றை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்குங்க.

பயாஸில் ஓடுது, இன்ஸ்டாலரில் நிற்குது என்றால்

இது இரண்டாம் வாசல் பிரச்சினை. கீபோர்டு மேல் குற்றம் இல்லை. பயாஸுக்குள் யு.எஸ்.பி. லெகஸி என்றும், எக்ஸ்.எச்.சி.ஐ. ஹேண்ட்-ஆஃப் என்றும் இரண்டு வரிகள் இருக்கலாம். இரண்டும் எனேபிள் என்று இருக்கட்டும். ஃபாஸ்ட் பூட் இருந்தால் தற்காலிகமா நிறுத்துங்க. அவசரமாகக் கிளம்புவதற்காக அது யு.எஸ்.பி. சோதனையைத் தாண்டிப் போகக்கூடும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. தப்பா மாற்றினாலும் பழைய நிலைக்கு வரலாம்.

அடுத்தது பென்டிரைவ். யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்த பழைய இன்ஸ்டாலரா அது? மைக்ரோசாஃப்ட் தளத்திலோ உபுண்டு தளத்திலோ இருந்து நேரடியா புதுசா இறக்கி மறுபடி தயார் செய்யுங்க. புது இன்ஸ்டாலரில் புது டிரைவர்கள் இருக்கும். "கிராக்" போட்ட காப்பியை மட்டும் தொடாதீங்க. அதே மெஷினில்தான் நாளைக்கு நெட் பேங்கிங் திறக்கப் போறீங்க.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உபுண்டுவில் டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கீபோர்டு, டச்பேட், வைஃபை எல்லாம் ஓடுகிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு இன்ஸ்டால் செய்யுங்க.

லேப்டாப்பில் தலைகீழாகவும் நடக்கும். கீபோர்டு ஓடும், டச்பேட் நிற்கும். அப்போது டேப், அம்புக்குறி, ஸ்பேஸ்பார், என்டர் இவற்றை வைத்தே எல்லாத் திரையையும் கடக்கலாம். இல்லையென்றால் யு.எஸ்.பி. மவுஸ் ஒன்றை மாட்டுங்க.

கீபோர்டு ஓடுது, ஆனா எழுத்து தப்பா வருது!

இதையும் பலர் கீபோர்டு கோளாறு என்றே நினைக்கிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது கீபோர்டு வகை எது என்று கேட்கும். ஆங்கிலம் என்று இருந்தாலும் பிரிட்டன் வகையைத் தேர்ந்தெடுத்தால் மேற்கோள் குறியும் மின்னஞ்சலில் வருகிற சுழிக் குறியும் இடம் மாறிவிடும். பாஸ்வேர்டில் அந்தக் குறி இருந்தால் எத்தனை முறை தட்டினாலும் தப்பு என்றே சொல்லும். நம்ம ஊரில் விற்கிற கீபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க வகை. அதையே தேர்ந்தெடுங்க.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் தமிழ் கீபோர்டை இன்ஸ்டால் சமயத்திலேயே சேர்க்க ஆசைப்படுவார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி நம் அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகை இன்று விண்டோஸிலும் இருக்கிறது, லினக்ஸிலும் இருக்கிறது. ஆனால் லினக்ஸில் பயனர் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தைத் தட்டினால் அந்தப் பெட்டி ஏற்காது. கீபோர்டு நின்றுவிட்டது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, உள்ளே போன பிறகு தமிழ்99 சேருங்க.

இன்னொன்று. விண்டோஸில் வலது பக்க ஷிப்ட்டை 8 விநாடி அமுக்கிப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி விழித்துக்கொள்ளும். பிறகு சாதாரணமா தட்டினால் எழுத்து விழாது. வீட்டில் குழந்தை கீபோர்டில் கை வைத்த பிறகு இப்படி ஆனால், அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸில் அதை அணைத்துவிடுங்க. அதே அக்சஸிபிலிட்டி சின்னம், விண்டோஸ் போட்டு முடியும் நேரத்தில் பெயர் கேட்கிற திரையின் கீழேயும் இருக்கும். மவுஸ் மட்டும் ஓடினால் அங்கே திரை கீபோர்டைத் திறந்து எழுதலாம். கவனியுங்க, அது டிஸ்க் வேலை எல்லாம் முடிந்த பிறகு வருகிற திரை. டிஸ்க் திரையில் இந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

ஆரம்பிப்பதற்கு முன்னால்

இவ்வளவும் கீபோர்டு நின்ற பிறகு செய்ய வேண்டியது. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நாலு விஷயம் செய்துவிட்டால் எது நின்றாலும் நஷ்டம் இருக்காது.

முதலில், எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரியுங்கள். பட்டா, சிட்டா விவரத்தைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மறுபடி எடுக்கலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம். இ-சேவை வழியாக வாங்கிய சான்றிதழுக்கும் அரசு அலுவலகத்தில் பதிவு இருக்கும். பெரியப்பா வயலில் நிற்கிற படத்துக்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது. படம், வீடியோ, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு, இவற்றை முதலில் வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்க. எடுத்த காப்பியைத் திறந்தும் பாருங்க.

இரண்டாவது, டெஸ்க்டாப்பில் இரண்டு டிஸ்க் இருந்தால், தொடக் கூடாத டிஸ்க்கின் ஒயரை அணைத்த நிலையில் கழட்டி வையுங்க. முடிந்த பிறகு மாட்டுங்க. திரையில் தெரியாத டிஸ்க்கைத் தப்பித் தவறியும் அழிக்க முடியாது. பெரியம்மா வீட்டில் நான் இதைச் செய்திருந்தால் கீபோர்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் படங்கள் தப்பியிருக்கும்.

மூன்றாவது, பிட்லாக்கர் சாவி. புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் சில மாற்றம் செய்தாலே 48 இலக்க எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போனில் திறந்தால் அந்த எண் இருக்கும். முன்கூட்டியே பார்த்து, தாளில் எழுதி, பீரோவில் வையுங்க. எவரிடமும் சொல்லாதீங்க.

நான்காவது, கரண்ட். லேப்டாப் என்றால் முழு சார்ஜ், அதோடு சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். வேண்டும். மழைக்காலச் சாயங்காலத்தில் இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.

யாரைக் கேட்பது?

சிக்கல் வந்ததும் போனில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுவோம். தேடலில் முதலில் வருகிற எண் போலியாகவும் இருக்கலாம். கம்பெனியின் சொந்தத் தளத்திலோ வாங்கிய பெட்டியிலோ இருக்கிற எண்ணுக்கு மட்டும் பேசுங்க. "உங்க போன்ல இந்த ஆப்பைப் போடுங்க, நான் இங்கிருந்தே பார்க்கிறேன்" என்று யாராவது சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்க. கீபோர்டைச் சரி பண்ண உங்கள் போனுக்குள் நுழைய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்க, சைபர் குற்ற உதவி எண் அது. வாரண்டி இருந்தும் புது லேப்டாப்பின் கீபோர்டை மாற்றித் தர மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பழுது பார்க்கிறவரிடம் கொடுப்பதாக இருந்தால், கீபோர்டு வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், பயாஸில் ஓடியது, இன்ஸ்டாலரில் நின்றது, போனில் மாட்டினால் எழுதுகிறது என்று சொல்லுங்க. தேவையில்லாத கீபோர்டை யாரும் உங்களிடம் விற்க முடியாது. நான் உட்பட.

பெரியம்மா இப்போதும் எங்க தெருவில்தான் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் இருந்த சில படங்களைப் போனில் எடுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். வயல் படம் மட்டும் கிடைக்கவே இல்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் நான் பென்டிரைவை எடுப்பதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "இதில் படம் ஏதாவது இருக்கா?" என்பதுதான்.

நீங்களும் வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்க. இருக்கிறது என்று பதில் வந்தால், இன்றைக்கு ராத்திரியே காப்பி எடுத்துவிடுங்க. ஓ.எஸ். நாளைக்குக்கூடப் போட்டுக்கலாம்.